என் அக்கா ஒரு லீவுகூடச் சும்மா இருந்ததில்லை

போன வாரம் அக்கா மகள் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். வழவழப்பான ஆர்ட் பேப்பர், ஓரமெல்லாம் பொன்னிற மினுக்கு. சிவகாசி அச்சு என்பது தடவிப் பார்த்தாலே தெரிந்தது. 'விடுமுறையை வீணாக்காதீர்கள்!' என்று தலைப்பு. நான்கு வயது முதல் பத்து வயது வரை, 15 நாள், காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை. கட்டணம் 3,500 ரூபாய், பனியனுக்குத் தனியாக 350. அபாகஸ், போனிக்ஸ், குட்டி ரோபோ, யோகா, ஆளுமை வளர்ச்சி, நெருப்பில்லாச் சமையல். கந்தகத்தையும் பொட்டாசியத்தையும் நம்பி உலை வைக்கிற பூமியில் நெருப்பில்லாச் சமையல்! இதை யோசித்தவருக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம்.

"பையன் ஒண்ணாப்பு முடிச்சிருக்கான். ஒன்றரை மாசம் சும்மா இருந்தா கெட்டுப் போயிருவான் மாமா. பணம் கட்டிட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?"

பணத்தைக் கட்டிவிட்டுக் கருத்துக் கேட்பது எங்கள் குடும்ப வழக்கம். பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அக்காவும் தலையை ஆட்டினாள். "ஆமாடா, சும்மா கெடக்குற பிள்ள கெட்டுத்தான் போகும்." எனக்குச் சுருக்கென்று ஆனது. மகள் சொன்னதை விட்டுவிடலாம், நோட்டீஸ் படித்த தலைமுறை. ஆனால் அக்காவா இதைச் சொல்வது?

இதே வாக்கியம் சாத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் 1981 வாக்கில் அட்சரம் பிசகாமல் சொல்லப்பட்டது. சொன்னவர் எங்கள் அய்யா. கேட்டது பத்து வயது அக்கா. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஊர் முக்கில் நின்று ஆரன் அடிக்கும். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்கம் கலையாமல், பாவாடை சட்டையோடு பதினைந்து இருபது பிள்ளைகள் ஏறுவார்கள். இருட்டிய பிறகு அதே பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். லீவுக்கு மட்டும்தான் என்று பேச்சு. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டும் அக்கா லீவுக்கு மட்டும் என்றுதான் போனாள். அந்த லீவு அதன்பிறகு முடியவேயில்லை.

ஆகவே, லீவில் பிள்ளைகளைச் சும்மா விடக்கூடாது என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் எனக்கு அக்கா முகம்தான் ஞாபகம் வரும். முகாம் நடத்துகிறவர்கள் சொல்லும் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுணுக்கம் வளருமாம். என் அக்கா தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும்போது விரல்கள் ஓடுவதைப் பார்த்திருந்தால் அந்த டீச்சர்கள் அவளிடம் பயிற்சிக்கு வந்திருப்பார்கள். கவனம் கூர்மையாகுமாம். மருந்து முக்கிய குச்சி ஒன்றோடொன்று உரசினால் என்ன ஆகும் என்று தெரிந்த பிள்ளைக்கு வராத கவனமா? கணக்கு வருமாம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எத்தனை குரோஸ் ஒட்டினால் எவ்வளவு துட்டு, அதில் கழிவுப் பெட்டிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை என் அக்கா அபாகஸ் மணி ஒன்றுகூட இல்லாமல் சொல்வாள். நேர மேலாண்மையா? விடிகாலை பஸ். குழுவாகச் செயல்படுதலா? ஒரே கொட்டகையில் நூறு பிள்ளைகள். ஆளுமை வளர்ச்சியா? கங்காணியிடம் ஏச்சு வாங்கி வாங்கி வளர்ந்த ஆளுமை. நோட்டீஸில் இருக்கிற பாடத்திட்டம் மொத்தத்தையும் அவள் கூலி வாங்கிக்கொண்டே படித்து முடித்துவிட்டாள்.

விருதுநகர் மாவட்டத்திலேயே சும்மா இருக்காத பிள்ளை என்று ஒரு போட்டி வைத்திருந்தால் அவளுக்குத்தான் கோப்பை. அவள் கெட்டுப்போகவில்லைதான். ஐம்பத்து நாலு வயதில் முதுகைக் கையால் முட்டுக் கொடுத்து எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சரி, சும்மா இருந்த பிள்ளை என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான்தான் அந்தப் பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளை என்பதால் என்னைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. அக்கா பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை லீவிலும் நான் கம்மாய்க்கரையில் கிடந்தேன். தீப்பெட்டிப் படம் வைத்து விளையாடித் தோற்றேன். நுங்கு வண்டி உருட்டினேன். பல மணி நேரம் எதுவுமே செய்யவில்லை. கெட்டுப்போகவில்லை. (என் மனைவிக்கு இதில் வேறு கருத்து உண்டு.) அந்தக் காலத் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களைவிடச் சிறுமிகளே அதிகம் என்பதை எழுதாத ஆய்வாளர் கிடையாது. 'சும்மா இருந்தால் கெட்டுப்போகும்' என்ற சட்டம் பெண்பிள்ளைக்குத்தான் அமலில் இருந்தது. பையன் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் விளையாட்டு.

சும்மா இருக்க விடாத இந்த ஊர்ப்பக்கத்து வியாதிக்கு ஒரு பெருமைப் பெயரும் உண்டு: உழைப்பு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டுவார்கள். சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்ற பட்டத்தை நேரு கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ஆவணப்படத்துக்குப் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. அந்தப் பிள்ளைகளையும் அந்தப் பஸ்ஸையும் அதில் பார்க்கலாம். பட்டத்தை மேடைதோறும் சொல்கிறவர்கள் படத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சட்டம் வந்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 1996 டிசம்பர் 10ஆம் தேதி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கே சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்டதுதான். பஸ்கள் மெல்ல மெல்ல நின்றன. 2016இல் சட்டத்தைத் திருத்தி, பதினாலு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். கையைத் தட்டப் போனால், கீழே ஒரு விலக்கு: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். பாருங்கள், நாடாளுமன்றத்துக்கே பிள்ளையின் லீவு காலியாகக் கிடந்தால் பொறுக்கவில்லை! ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 1992இல் நாமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஏற்றுக்கொண்டதோடு சரி.

பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்றால், 'வெயிலில் விடச் சொல்கிறாயா?' என்று ஒரு கூட்டம் கிளம்பும். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006இல் 'வெயில்' எடுத்தபோது, பொட்டல் வெயிலில் பையன்கள் ஆடித் திரிகிற பாட்டுக்குத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டது இதே கூட்டம்தான். திரையில் வெயில் இனிக்கும், தன் பிள்ளைக்கு மட்டும் கறுத்துப்போகும். காலையும் சாயங்காலமும் என்று இரண்டு பொழுதுகள் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

எங்கே விளையாடுவது என்று கேட்டால் அது கேள்வி. ஊரிலேயே பெரிய காலி இடம், வேப்பமர நிழல், குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம். லீவு விட்ட அன்றைக்கே அதன் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேண்டிய நாளில் பிள்ளைகளுக்கான இடத்தைப் பூட்டுவதற்கு எந்த மேதை உத்தரவு போட்டார்? கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை வருஷா வருஷம் அறிக்கை விடுகிறது. வகுப்புகளும் வருஷா வருஷம் நடக்கின்றன. பெயரை மட்டும் 'முகாம்' என்று மாற்றிக்கொள்வார்கள்.

பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற தாய்மாரைப் பற்றி அந்த நோட்டீஸில் ஒரு வரி கிடையாது. குழாய் உருட்டவும் சரம் பின்னவும் காலையில் கிளம்பிப் போகிறவளிடம் 'குழந்தையை எப்படி மகிழ்விப்பீர்கள்' என்று யாரும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், மத்தியானம் யார் சோறு போடுவார்கள் என்பது. மே மாதம் அங்கன்வாடிக்கும் லீவு. பள்ளிக்கூடம் பூட்டினால் காலை உணவும் சத்துணவும் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன. காமராஜர் பிறந்த மாவட்டம் இது. அவர் சிலைக்கு ஜூலை 15 அன்று மாலை போடுகிறவர்களில் ஒருவராவது, மே மாதத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். கேட்க மாட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் முகாமில் நெருப்பில்லாமல் சாண்ட்விச் செய்துகொண்டிருப்பார்கள்.

நோட்டீஸுக்கே வருகிறேன். நான் இவ்வளவும் கத்தி முடித்தபோது பேரன் வாசற்படியில் குத்தவைத்திருந்தான். ஒரு காராச்சேவுத் துண்டை ஏழெட்டு எறும்புகள் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு படி விளிம்பில் கவிழ்ந்தது. மூச்சுக்கூட விடாமல் குனிந்தான். அரைமணி நேரம் இருக்கும். "பாருங்க மாமா, எப்படி சும்மா உக்காந்திருக்கான்" என்றாள் அவன் தாய், காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காட்டுவதுபோல.

அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நோட்டீஸை வாங்கினாள். பின்பக்கம் ஒரு படம். வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், நடுவே பசைக் கிண்ணம், கையில் வண்ண அட்டை. கீழே 'பேப்பர் கிராஃப்ட்' என்று போட்டிருந்தது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, இது பெட்டி ஒட்டுறதுல்லா?"

"ஆமா."

"இதுக்கு நாம துட்டு குடுக்கணுமா?"

மகள் பதில் சொல்லவில்லை. அக்கா நோட்டீஸை மடித்தாள். அவள் விரல்கள் தாமாகவே அடிப்பெட்டி மடிப்பில் அதை மடித்துவிட்டன. நாலு மூலையும் அச்சாக நின்றது. உள்ளே பாக்கைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

முகாம் திங்கட்கிழமை தொடங்குகிறது. பையன் போகப்போவதில்லை. கட்டிய 3,850 ரூபாயைத் திருப்பித் தர மாட்டார்களாம்.