முதல் ஜாகையும் பத்து மாத முன்பணமும்

கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு, திருநெல்வேலி, மதுரை, சேலம், தஞ்சாவூர் முதலிய ஊர்களிலிருந்து உத்தியோக நிமித்தமாகச் சென்னைப் பட்டணத்திற்கு ஆண்டுதோறும் வந்து சேரும் இளைஞர்களும் யுவதிகளும் அனேகர். உத்தியோகம் கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்த பிறகு தலை சாய்க்க ஒரு ஜாகை கிடைப்பது அதனினும் பெரிய கஷ்டமாக இருக்கிறது. சில மாதம் திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, வேளச்சேரிப் பக்கத்து விடுதியிலோ காலம் தள்ளிவிட்டு, தமக்கென்று ஒரு சிறு வீட்டை அமர்த்திக்கொள்ள அவர்கள் புறப்படும்போதுதான், நகர வாழ்க்கையின் உண்மையான கணக்கு அவர்களுக்குப் புலப்படுகிறது.

அந்தக் கணக்கை நாமும் சற்றுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வாடகையுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டணத்து வழக்கப்படி பத்து மாத வாடகை முன்பணம். அது 1,50,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை 15,000. முதல் மாத வாடகை 15,000. ஆகக் கதவைத் திறந்து உள்ளே கால் வைப்பதற்கு முன்பே 1,80,000 ரூபாய் கையில் இருந்தாக வேண்டும். மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்த ஒருவனுக்கு இது ஆறு மாதச் சம்பளம். ஒரு வேளை கூடச் சாப்பிடாமல், பஸ் சார்ஜும் கொடுக்காமல் சேர்த்தால்தான் இது கூடும். ஆகவே தகப்பனார் ஊரில் நகையை அடகு வைக்கிறார். அல்லது பிள்ளை முதல் மாதத்திலேயே கடனாளியாகிறான். இது போதாதென்று, சொந்தக்காரரிடம் வட்டியின்றிக் கிடக்கும் அந்த ஒன்றரை லட்சத்திற்கு 7 சத வட்டி கணக்கிட்டால், ஆண்டொன்றுக்கு 10,500 ரூபாய் ஆகிறது. அதாவது மாதம் 875 ரூபாய் மறைமுக வாடகை. பத்திரத்தில் எழுதப்படாத இந்த வாடகையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இதற்குச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்கிறது; ஆனால் சொல்லிய வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறது. 1960-ம் வருஷத்துக் குடக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்துச் செய்துவிட்டு, தமிழ்நாடு சட்டசபை 2017-ல் நிறைவேற்றிய புதிய குடக்கூலிச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமுலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு அதிகமாக முன்பணம் வாங்குவது சட்ட விரோதம் என்று அதன் பதினோராவது பிரிவு கூறுகிறது. மகிழ்ச்சிக்குரிய விதிதான். ஆனால் அப்பிரிவின் தொடக்கத்திலேயே, வேறு விதமான உடன்படிக்கை இருந்தாலன்றி, என்ற பொருளில் சில சொற்கள் இடம் பெற்றிருக்கின்றன. பத்து மாதம் கொடுப்பதாகக் கையொப்பமிடாதவனுக்குச் சாவி கிடைக்காத ஊரில், கையொப்பமிட்டவனை விதி காப்பாற்றாது என்றால், அந்த விதி யாருக்காக ஏற்பட்டது? மத்திய சர்க்கார் 2021-ல் வெளியிட்ட மாதிரிக் குடக்கூலிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்ச வரம்பு என்று வைத்திருக்கிறது. அதையொட்டி அந்தச் சில சொற்களை நமது சட்டத்திலிருந்து நீக்கிவிட்டால் போதும். புதிய சட்டமே வேண்டியதில்லை.

சொந்தக்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பட்டணத்தில் வாடகைக்கு விடுவோர் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்லர். பென்ஷன் பணத்தில் ஒரு மாடி எழுப்பி, அந்த வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிக்கும் கிழவர்கள் எத்தனையோ பேர். யுத்த காலத்தில், 1941-ல், அவசர ஏற்பாடாகத் தோன்றிய வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக நீடித்து, ஒரு முறை உள்ளே வந்தவரை வெளியேற்றுவது ஒரு தலைமுறை வேலை என்னும் நிலைமையை உண்டாக்கிவிட்டது. வழக்குமன்றத்தில் நியாயம் கிடைக்கத் தாமதமாகும் என்ற அச்சமே, முன்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை வளர்த்தது என்பது நமது கருத்து. ஆனால் அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தவர்மீது வாடகைக் கோர்ட்டில் விண்ணப்பிக்கப் புதிய சட்டத்தில் வழி இருக்கிறது. அச்சத்தின் காரணம் போன பிறகும் அச்சத்தின் விலையை மட்டும் புதிதாக வருபவனிடம் வசூலிப்பது என்ன நீதி?

சட்டம் திருந்தும் வரையில், வீடு தேடும் இளைஞர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலாவதாக, வாய்ப் பேச்சில் குடி போகலாகாது. பதினொரு மாதத்திற்குப் பத்திரம் எழுதுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அதன் மூலம் யாதெனில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமென்ற 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பித்துக்கொள்வதே. இன்று அந்தத் தந்திரத்தினால் பயனில்லை. எத்தனை மாதமானாலும் குடக்கூலி ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும் என்று புதிய சட்டம் விதிக்கிறது. இந்த அதிகாரி டிப்டி கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர். பதிவை இணையத்தின் மூலமாகவே செய்துகொள்ளலாம். “அதெல்லாம் எதற்குத் தம்பி, நாங்கள் இருபது வருஷமாக இப்படித்தான் விடுகிறோம்” என்று சொந்தக்காரர் கூறினால், அவரிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, சட்டம் இருவருக்கும் பாதுகாப்பு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பிப் பின்னால் வழக்காட நேர்ந்தால் கஷ்டப்படுபவர் பெரும்பாலும் குடித்தனக்காரரே.

முன்பணத்தையும் வாடகையையும் பாங்கு மூலமாகவே செலுத்துவது நலம். ரொக்கமாகக் கேட்பவரிடம் ரசீது கேட்கத் தயங்கலாகாது. ரசீது பெறுவது சட்டப்படி குடித்தனக்காரரின் பாத்தியதை. வாடகையை உயர்த்த விரும்பினால் மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும் என்பதும், தகராறு வந்ததென்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்ட விரோதம் என்பதும் பலருக்குத் தெரியாத சங்கதிகள். அப்படி நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் விண்ணப்பித்து உடனே திரும்பப் பெறலாம்.

வீட்டைப் பார்க்கும் முறையிலும் நமது இளைஞர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. சுவரின் வர்ணத்தையும் சமையலறையின் பளிங்குக் கல்லையும் கண்டு மயங்கி, கிணற்றை எட்டிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். 2019-ம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் உயர்ந்த மாளிகைகளில் குடியிருந்தவர்கள் தண்ணீர் லாரியின் வருகைக்காகத் தவம் கிடந்தார்கள். குழாய்த் தண்ணீர் வருகிறதா, ஆழ்குழாய்க் கிணறு மட்டுமா, லாரித் தண்ணீருக்குப் பணம் யார் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். பதிலைச் சொந்தக்காரரிடம் மட்டுமன்றிப் பக்கத்து வீட்டு அம்மாளிடமும் கேட்பது உசிதம். அதேபோல, 2015 டிசம்பரில் முடிச்சூரும் கோட்டூர்புரமும் வேளச்சேரியும் வெள்ளத்தில் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் மறுபடியும் தண்ணீர் புகுந்ததையும் மறந்துவிட்டு, அப்பகுதிகளில் தரைத்தளத்து வீட்டை மலிவாக இருக்கிறதென்று பிடிப்பது விவேகமாகாது. தெருக்கோடியில் இருக்கும் பெட்டிக்கடைக்காரர் தண்ணீர் எந்த உயரத்திற்கு வந்தது என்பதைத் தமது சுவரில் காட்டுவார். ஆடி மாதத்தில் குடி போகலாகாதென்ற நம்பிக்கை நம்மவரிடையே இருப்பதால், அம்மாதத்தில் காலியாகக் கிடக்கும் வீடுகளுக்குக் கிராக்கி குறைவு. அந்த நம்பிக்கை இல்லாதவர் பேரம் பேச அதுவே ஏற்ற சமயம்.

மின்சார விஷயம் தனியே குறிப்பிடத்தக்கது. வீட்டு உபயோகத்திற்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது. ஆனால் ஒரே மீட்டரிலிருந்து இரண்டு மூன்று குடித்தனங்களுக்குக் கம்பி இழுத்து, துணை மீட்டர் ஒன்றை மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே தம் மனம் போன விகிதத்தில் வசூலிக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சர்க்கார் ஏழைக்கென்று கொடுத்த சலுகை வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. தனி மீட்டர் உள்ள வீட்டைத் தேடுவதும், குடி போகும் நாளில் மீட்டர் எண்ணை எழுதிக் கையொப்பம் வாங்குவதும் அவசியம்.

மாத வாடகையே இல்லை, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையையும் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை வார்த்தையைப் பற்றி ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டும். போக்கியம், ஒத்தி என்று நம் முன்னோர் வழங்கிய ஏற்பாட்டையே இன்று லீசு என்கிறார்கள். வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்த ஒருவர், சொந்தக்காரர்போல் நடித்து மூன்றாமவரிடம் லீசுத் தொகையை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது பட்டணத்தில் நடந்துவரும் மோசடி. சொந்தக்காரரே வாங்கினாலும், அவர் வீட்டை முன்னமே பாங்கில் அடமானம் வைத்திருந்தால், பாங்கு வீட்டைக் கைப்பற்றும் நாளில் குடியிருப்பவர் தெருவில் நிற்பார். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதென்று கேட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பதிவு செய்யாத போக்கியம் சட்டத்தின் கண்ணில் போக்கியமே அன்று. அரை நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி ஐந்து லட்சத்தைக் கொடுப்பவர்களைக் கண்டால் நமக்கு இரக்கம் உண்டாகிறது.

காலி செய்யும் நாளில் வரும் சண்டை பெரும்பாலும் வெள்ளையடிப்பதைப் பற்றியது. ஒரு மாத வாடகையை அதற்கென்று முன்பணத்தில் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஆனால் 2017-ம் வருஷச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பார்த்தால், சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும், மின்கம்பிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் மாற்றுவதும் சொந்தக்காரரின் பொறுப்பு என்று காணப்படுகிறது. குழாய்த் திருகையும் சுவிட்சையும் உடைந்த கண்ணாடியையும் பழுது பார்ப்பதே குடித்தனக்காரரின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொடுத்துவிட்டால் மட்டும் இந்த ஏற்பாடு மாறும். ஆகவே கையொப்பமிடுமுன் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். முன்பண மிச்சத்தைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள் திருப்பித் தரவேண்டும் என்பதும் சட்டம். குடி புகும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் கைபேசியில் படம் பிடித்து, சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்பவர்களுக்கு இந்தச் சண்டை பாதி குறையும்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. பணம் கொண்டு தீராத ஒரு குறையும் இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம், வேலை என்ன, சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கும் வழக்கம் இந்நகரத்தை விட்டு இன்னும் அகலவில்லை. சைவர்களுக்கு மட்டும் என்ற விளம்பரத்தின் பொருள் உணவோடு முடிந்துவிடுகிறதா என்பதை அதைப் போடுபவர்களே அறிவார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு நேற்றே போய்விட்டதாகத் தெரிகிறது. தனியாக வாழும் பெண்ணுக்கு, இரவு எத்தனை மணிக்கு வருவாய் என்ற விசாரணை காத்திருக்கிறது. கலியாணமாகாத ஆணுக்குக் கதவே திறப்பதில்லை.

சட்டம் இங்கே பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது விதி கடை, ஹோட்டல், கிணறு, குளம் ஆகியவற்றைத் திறந்து விட்டது. தனியார் வீட்டைச் சொல்லவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே அங்கத்தினர் உரிமை என்று ஆமதாபாத்தில் ஒரு வீட்டுச் சங்கம் வைத்திருந்த விதியை, 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீண்டாமை காரணமாக ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது மட்டும், 1955-ம் வருஷத்துச் சிவில் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். ஆனால் இன்று எந்தச் சொந்தக்காரரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்கிறார். அல்லது நாளைக்குப் போன் செய்கிறேன் என்கிறார். போன் வருவதில்லை. வாடகை அதிகாரி, வாடகைக் கோர்ட்டு, மேல்முறையீட்டு டிரிபியூனல் என்று மூன்று படிகளை ஏற்படுத்திய 2017-ம் வருஷச் சட்டம், வீட்டினுள்ளே நுழைந்துவிட்டவருக்கும் சொந்தக்காரருக்கும் உள்ள வழக்கை மாத்திரமே விசாரிக்கிறது. ஜாதியாலோ மதத்தாலோ வாசலில் நிறுத்தப்பட்டவரின் மனுவை வாங்குவதற்கு அதில் ஒரு பிரிவும் இல்லை. முன்பண வரம்பைத் திருத்துவதற்காகச் சட்டசபை இச்சட்டத்தை ஒரு நாள் எடுத்துக்கொள்ளுமானால், அந்த மனுவுக்கும் ஒரு பிரிவை அப்பொழுதே சேர்த்துவிட வேண்டும்.