கேமரா வாங்கும் முன் ஒரு வாரம்

பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், போன்ல எடுத்தா ராஜகோபுரம் கறுப்பாவே விழுது. தவணையில ஒரு கேமரா வாங்கிடவா?"

வேண்டாம்ப்பா என்றேன். புது கேமராவும் இதே தப்பைச் செய்யும். பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால், அதற்கு ஏற்ப மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். திரையில் கோபுரத்தைத் தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். 13 நிலையும் தெரியும்.

அடுத்து, வெயில். கோபுரம் தெற்குப் பார்த்தது. காலை ஏழு மணிக்குக் கிழக்கிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில்தான் மேடு பள்ளம் நிழலோடு எழுந்து நிற்கும். 236 அடி உயரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்வதுபோல் இருக்கும். தெருவில் நன்றாகத் தள்ளிப் போங்கள்.

லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858-ல் வெளிவந்தன. (அப்போது இந்தக் கோபுரம் பாதியில் நின்றது, 1987-ல்தான் முடிந்தது.) காகித நெகட்டிவ், திரை கிடையாது. வெளிச்சத்தைக் கண்ணால் கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார். நாம் இருநூறு எடுத்து ஒன்றைக்கூடத் திரும்பப் பார்ப்பதில்லை.

ஒரு வாரம், ஒரே இடம், தினம் மூன்றே படம் என்று மாணவரிடம் சொன்னேன். இன்று முதல் மூன்று வந்தன. கோபுரம் தெளிவு. குறுக்கே மின்கம்பி. நாளைக்கு நாலடி தள்ளி நிற்கச் சொல்லணும்.