வீட்டு இணையமும் காலதாமதமும்

வாய்க்காலின் அகலம் வேறு. மதகு திறந்தபின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துசேர ஆகும் நேரம் வேறு. இவ்வித்தியாசத்தைக் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் வீட்டிற்கு இணையம் வாங்குமிடத்து அநேகர் அகலத்தை மட்டுமே விசாரித்து, நேரத்தை விசாரியாது விடுகின்றனர்.

2023-ஆம் ஆண்டு முதல் ஏர்டெல், ஜியோ ஆகிய கம்பெனிகள் ‘ஏர்ஃபைபர்’ என்னும் பெயரால் கம்பியில்லா வீட்டு இணையம் அளித்து வருகின்றன. பெயரில் ஃபைபர் உண்டெனினும், வீடுவரை ஃபைபர் கம்பி வருவதில்லை. செல்போன் கோபுரத்தின் 5ஜி அலையை மாடியில் பொருத்திய கருவி வாங்கித் தருகிறது. பள்ளந் தோண்டாமலே இணைப்புக் கிடைப்பது இதன் பெருங்குணம். விளம்பரத்தில் காணும் ‘எம்பிபிஎஸ்’ வாய்க்காலின் அகலமேயாம். அனுப்பிய செய்திக்கு மறுமொழி திரும்ப ஆகும் நேரமே தாமதம். அது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லி வினாடியால் அளக்கப்படும்.

இத்தாமதம் அலையின் ஓட்டத்தால் நேர்வதன்று. அலை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. கோபுரத்தில் முறை காத்திருப்பதே முக்கிய காரணம். முறைப்பாசனம்போல, கோபுரம் வீடுதோறும் முறை வகுத்தே கொடுக்கிறது. மாலையில் யாவரும் படம் பார்க்கத் தொடங்கின், வரிசை நீள்கிறது. படம் முன்கூட்டியே சேமிக்கப்படுவதால் பார்ப்போர் இதை உணரார். டாக்டருடன் காணொளியில் பேசுவோரும், நேரடி வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளைகளும் உடனே உணர்வர். பேச்சு ஒருபுறமிருந்து மறுபுறஞ் சேர 150 மில்லி வினாடிக்கு மேற்படாதிருத்தல் நலமென்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் சிபாரிசு.

ஆதலின் பணங்கட்டுமுன், அதே கோபுரத்தில் இணைப்புள்ள அண்டை வீட்டில் இரவு 8 மணிக்குச் சோதித்தல் வேண்டும். வேகச் சோதனையில் ‘பிங்’ என்று காட்டும் எண்ணே தாமதம். வீட்டில் எவரும் இணையத்தை உபயோகியாதபோது ஒருமுறையும், படம் ஓடும்போது ஒருமுறையும் பார்க்க. இரண்டாவது எண் பன்மடங்காயின் அவ்விணைப்பில் பேச்சுக்கு இடையூறு நேரக்கூடும். கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையே மரமோ சுவரோ மறைத்தலாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சிவரை ஃபைபர் வந்துள்ள ஊர்களில், அதனை வீடுகளுக்கும் நீட்டும்படி மேலிடத்தில் வற்புறுத்துதல் வேண்டும். கம்பியில்லா இணைப்பு வந்துவிட்டதென்று அம்முயற்சியைக் கைவிடுவது, கடைமடைக்கு ஒருநாள் தண்ணீர் எட்டியதைக் கண்டு வாய்க்காலைத் தூர்வாராது விடுவதை ஒக்கும். ஃபைபர் இல்லாத ஊருக்கு அது நல்ல துணை, ஃபைபருக்கு ஈடன்று.