கரிசல் இலைக்கு மலை ஒயின்

நட்சத்திர ஓட்டல்களில் தென்மாவட்ட விருந்து என்றால் ஒரு காலத்தில் செட்டிநாட்டோடு கதை முடிந்துவிடும். இப்போது விருதுநகர் எண்ணெய் பரோட்டா, அருப்புக்கோட்டைப் பக்கத்து வெள்ளாட்டுச் சுக்கா, குண்டு மிளகாய்க் குழம்பு, அதலைக்காய்ப் பொரியல் என்று மெனு இன்னும் தெற்கே இறங்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதே மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒயின் பட்டியலை யாரும் தொடவில்லை. "ஆட்டுக்கறியா? அப்போது சிவப்பு" என்று கேப்டன் ஒரு அர்ஜென்டினா மால்பெக்கைக் கொண்டுவந்து வைக்கிறார். மலையில் விளைந்தது என்று லேபிளில் உயரம் அச்சடித்திருக்கிறது, விலையும் அதற்கேற்ப. விருந்தாளி ஒரு துண்டு சுக்கா, ஒரு வாய் ஒயின் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கிறார். செஃப் ஒயினைக் குறை சொல்வார், பார்காரர் மிளகாயைக் குறை சொல்வார். இரண்டுமே குற்றவாளி இல்லை. சேர்த்து வைத்த விதம்தான் தப்பு.

உயரம் திராட்சைக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் சூடு ஏறக்குறைய 0.65 டிகிரி குறைகிறது. புறஊதாக் கதிரோ 1000 மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பழம் தோலைத் தடிப்பாக்கி, அதில் நிறத்தையும் துவர்ப்பையும் சேர்த்து வைக்கிறது. இரவு குளிர்வதால் பழத்தின் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் சித்திரை, வைகாசியில் நடுராத்திரிக்கும் மொட்டைமாடித் தளம் சுடும். அப்படிப்பட்ட இரவில் திராட்சையின் மாலிக் அமிலம் மளமளவென்று எரிந்துபோகும். பழம் இனிக்கும், ஆனால் ஒயினுக்கு உயிரான புளிப்பு இருக்காது. பக்கத்துத் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் உண்மைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். சாப்பிடவும் ஜூஸ் போடவும் மணமான பழம்தான், ஆனால் கனமான சிவப்பு ஒயினுக்கு வேண்டிய நிறமும் துவர்ப்பும் அதில் போதாது.

உயர எண்ணைப் பார்த்து மயங்குவதும் நம் தொழிலில் பரவியிருக்கிற ஒரு நோய். அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் கொலோமே நிறுவனத்தின் ஆல்டுரா மாக்சிமா தோட்டம் 3,111 மீட்டரில் இருக்கிறது. அதே மாகாணத்துக் கஃபயாத்தே 1,700 மீட்டர் அளவில் இருக்கிறது. மெண்டோசாவின் ஊகோ பள்ளத்தாக்குத் தோட்டங்கள் 1,500 மீட்டர் வரை ஏறுகின்றன. நமக்குப் பக்கத்தில் 1988இல் கன்வல் குரோவர் தொடங்கிய பண்ணை நந்தி மலை அடிவாரத்தில், சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. நாசிக் 600 மீட்டர் சுமார். எண்ணை மட்டும் பார்த்தால் நம்முடையது குட்டை. ஆனால் ஊகோவில் 900 மீட்டரும் நந்தியில் 900 மீட்டரும் ஒன்றல்ல. நந்தி மலை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரியில் இருக்கிறது, ஊகோ 33 டிகிரிக்கும் தெற்கே. இங்கே மழை நின்று பனி விழும் மாதங்களில் பழம் திரண்டு, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை ஆகும்படி கொடியைக் கவாத்து செய்கிறார்கள். உயரம் தருவதைக் கொஞ்சம் பருவமும் சேர்த்துத் தருகிறது.

விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. மலை ஒயின் என்றாலே இலேசானது, குளுமையானது என்று பேசுகிறார்கள். சால்டா மால்பெக்கில் ஆல்கஹால் 14, 14.5 சதவீதம் இருப்பது சர்வசாதாரணம். வெயில் கடுமை, பழம் கொடியிலேயே நீண்ட நாள் நிற்கிறது, சர்க்கரை ஏறுகிறது. புளிப்பு நிமிர்ந்து நிற்பதால் குடிக்கும்போது அந்த வேகம் தெரிவதில்லை. மிளகாய் பக்கத்தில் வந்ததும் தெரிந்துவிடும்.

ஏன் என்றால், நாக்கில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். சாதாரணமாக 42 டிகிரி அளவில்தான் அது "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் கேப்சைசின் தட்டித் திறப்பதும் அதே கதவைத்தான். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி வாக்கில் இறக்கிவிடுகிறது என்பது 2002இல் வெளியான ஆய்வு. நம் வாயின் சூடே 37. பிறகு கேட்பானேன்! உறைப்பும் சாராயமும் ஒன்றுக்கொன்று தூபம் போடும், துவர்ப்பைத் தரும் டானினின் வறட்சி மேலே ஏறி உட்காரும். ஆகவே இந்தக் கரிசல் நாட்டுச் சாப்பாட்டுக்குச் சிவப்பு ஒயின் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது உயரத்தை அல்ல, லேபிளின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தை. 13க்கு மேலே போனால் யோசிப்பேன். 14.5 என்றால் அந்த மேஜைக்குப் போகக் கூடாது, எத்தனை ஆயிரம் மீட்டரில் விளைந்திருந்தாலும்.

இனி இலைக்கு வருவோம். இந்தப் பக்கத்துச் சமையல் எல்லாமே ஒரே உறைப்பு என்று நினைப்பவர்கள் சென்னைக்காரர்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய் தடித்த தோலும் நிறமும் கொண்டது, காரத்தை மெதுவாக ஏற்றும். சம்பா வத்தல் சுருக்கென்று அடிக்கும். குழம்பில் எது விழுந்திருக்கிறது என்று செஃப்பிடம் கேட்காமல் ஒயின் பரிந்துரைக்க வேண்டாம். வெள்ளாட்டுச் சுக்கா கொழுப்போடு, நல்லெண்ணெயில் சுருள வதங்கி, ஓரம் கருகி வரும்போது மலைச் சிவப்புக்கு அதைவிட நல்ல கூட்டாளி கிடையாது. கொழுப்பும் உப்பும் டானினின் முரட்டுத்தனத்தைத் தட்டி வைக்கும், புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும். எண்ணெய் பரோட்டா வெறுமனே இருந்தாலே போதும், அது பொரித்த மாவு, ஒயினோடு நன்றாகப் போகும். சால்னாவை மேலே ஊற்றியபின் கணக்கு மாறுகிறது. பரோட்டாவும் சுக்காவும் ஒரு தட்டு, சால்னா தனிக் கிண்ணம் என்று பரிமாறச் சொல்லுங்கள்.

அதலைக்காய் இந்த மண்ணின் கசப்பு. மானாவாரிக் காட்டில் மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் கொடி. பாகற்காயைவிட எனக்குப் பிடித்த காய், ஆனால் சிவப்பு ஒயின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கசப்போடு துவர்ப்பு சேர்ந்தால் வாய் மருந்துக்கடைதான். மிதுக்க வத்தலுக்கும் இதே விதி. குதிரைவாலிச் சோறு வந்து குழம்பு, ரசம், மோர் என்று இறங்கத் தொடங்கியதும் கிளாஸை எடுத்துவிடலாம், புளிக்கும் ரசத்தை எந்த ஒயினும் ஜெயித்ததில்லை. ஆக, ஒயினுக்கு நேரம் என்பது சோறு விழுவதற்கு முன்னால் வரும் வறுவல்களோடுதான். கடைசியில் கருப்பட்டிச் சீரணி வரும்போது சிவப்பு ஒயினை ஊற்றினால் அது வினிகர்போல் நாக்கில் படும், சீரணியின் இனிப்பு ஒயினைவிடத் தூக்கலாக இருப்பதால். அங்கே சுக்குக் காப்பி கொடுங்கள்.

பரிமாறும் சூடு பற்றி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. "அறை வெப்பம்" என்று பாடப்புத்தகம் சொல்வது ஐரோப்பியக் கல்வீட்டின் குளிர்ந்த அறையை. நம் ஏசி ஹால் 24 டிகிரி, கிச்சனை ஒட்டிய பார் அலமாரி 30ஐத் தாண்டும். கனமான சிவப்புக்கு 16 முதல் 18, உறைப்புச் சாப்பாட்டோடு என்றால் இன்னும் இரண்டு டிகிரி கீழே, 14க்கே இறக்கலாம். சூடு ஏறினால் ஆல்கஹால் மூக்கில் அடிக்கும், மேலே சொன்ன கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். பாதி ஐஸ், பாதித் தண்ணீர் போட்ட வாளியில் 15, 20 நிமிடம் வைத்தால் போதும், வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரம் பிடிக்கும். சிவப்பை வாளியில் வைத்தால் விருந்தாளி கேலி செய்வாரோ என்று ஸ்டூவர்டுகள் கூசுகிறார்கள். கூச வேண்டாம், காரணத்தை ஒரு வரியில் சொன்னால் அவரே தலையாட்டுவார். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சாப்பாட்டு வேகத்துக்கு ஒயின் கிளாஸிலேயே சூடாகிவிடும். 150 மில்லி என்றால் ஒரு பாட்டிலுக்கு ஐந்து ஊற்று.

சுவை பார்க்கப் பழகுவது பற்றி ஒன்று. பயிற்சித் தாளில் உள்ள கருந்திராட்சை வத்தல், வயலெட் பூ, பென்சில் கரி என்ற பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பயனில்லை. நம் பிள்ளைகளுக்கு நாவல்பழம் தெரியும், களாக்காய் தெரியும், மாதுளைத் தோலின் துவர்ப்பு தெரியும். ஆடி, ஆவணியில் நாவல்பழம் கிடைக்கும்போது ஒரு கிண்ணம் வாங்கி, மால்பெக் கிளாஸின் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி முகரச் சொல்லுங்கள். டானினுக்குப் பாலில்லாத கடுந்தேநீர், புளிப்புக்குக் கரைத்த புளி. நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு, ஈறு இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு, தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் போதும், மீதிப் பழப் பெயர்களெல்லாம் அலங்காரம்.

எஃப்.எல். 3 உரிமம் உள்ள ஓட்டல் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிக்காத ஊழியர்கள் நம் தொழிலில் ஏராளம், அவர்களில் சிலர்தான் மிகக் கூர்மையான மூக்கு உள்ளவர்கள். சுவைப் பயிற்சி என்ற பெயரில் யாரையும் குடிக்கச் சொல்லாதீர்கள், 21 வயது நிரம்பாதவரைப் பயிற்சி மேஜைக்கே அழைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் வாயில் ஒரு சுழற்று சுழற்றித் துப்பத் தனிக் குவளை வைக்க வேண்டும். தென்மாவட்ட மெனு போடும் ஓட்டல்கள், எந்தக் கறிக்கு எந்த ஒயினை எத்தனை டிகிரியில் கொடுத்தீர்கள், விருந்தாளி இரண்டாவது கிளாஸ் கேட்டாரா, தண்ணீர் கேட்டாரா என்று குறித்து அனுப்பினால், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.