திரைக்குப் பின்னால் ஒரு ராத்திரி

எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கம் திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' உண்டு. இந்த வருஷம் முதல் தடவையாக மேடைக்குப் பின்னால் ஒத்தாசைக்கு நின்றேன்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது, தெரியுமோ? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ராத்திரி 10 மணிக்கு மேல் மேடையில் ஒன்றுசேர்ந்து விடிய விடிய நடிக்கிறார்கள்! சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) பாட்டெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தைரியம்தான்.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்ட வெந்நீர் என் பொறுப்பு. கூடவே வள்ளியாக நடித்த பெண்ணின் கைக்குழந்தையும்.

நாரதரோடு தர்க்கம் சூடுபிடித்த நேரம், குழந்தை வீறிட்டது. பெற்றவள் காதில் விழாமல் இருக்குமா? பாட்டு லேசாகத் தடுமாறியது. ஆர்மோனியக்காரர் சட்டென்று சுருதியை நிரப்பிச் சமாளித்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணில் படும்படி படுதா ஓரமாக நின்றேன். குரல் நிமிர்ந்துவிட்டது.

உள்ளே வந்ததும் ஓடிவந்து தூக்கவில்லை அவள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழுத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகே பால் கொடுத்தாள். பச்சைக் குழந்தை வாயில் பவுடர் படக்கூடாதே!

"அக்கா, கிழவர் தாடி எங்கே?" என்று வேடன் வேஷக்காரர் குரல் கொடுத்தார். எழுந்தேன்.