பரணில் உறங்கும் பட்டைகள்

மேசையின்மேல் சிறு தண்டவாளம் அமைத்து அதில் ஒரு மாதிரித் தொடர்வண்டியை ஓடவிட்டால், சிறிது நேரத்தில் அதைச் சுற்றி ஓர் ஊர் வேண்டும் என்னும் ஆவல் பிறக்கும். வண்டி நிற்க ஒரு நிலையம் வேண்டும். ஏறி இறங்க நடைமேடையும், பாதையைக் கடக்க நடைமேம்பாலமும், நீராவி எஞ்சினுக்கு உயரமான தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். வண்டியைக் கடையில் வாங்கிவிடலாம். ஊரை வாங்குவது எளிதன்று. கடைகளில் கிடைக்கும் மாதிரிக் கட்டடங்களுள் பெரும்பாலானவை ஐரோப்பியச் சிற்றூர்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சரிந்த கூரையும் புகைபோக்கியும் கொண்ட அந்த வீடுகள் கொல்கத்தாவின் தண்டவாளத்தருகே பொருந்தி நிற்பதில்லை.

இக்குறைக்கு ஒரு தீர்வு பழைய வீடுகளின் பரண்களில் உறங்கிக் கிடக்கலாம். முந்தைய தலைமுறையினர் விளையாடிய கட்டுமானப் பொம்மைப் பெட்டிகளே அத்தீர்வு. துளையிட்ட உலோகப் பட்டைகளும் போல்ட்டும் நட்டும் நிறைந்த அப்பெட்டிகளைக் காட்சிப்பொருளாக அடைத்து வைப்பதைவிட, மாதிரித் தொடர்வண்டிக்குரிய கட்டடங்களை எழுப்பப் பயன்படுத்துவதே அறிவுடைமையாகும்.

இப்பெட்டிகளுக்கும் தொடர்வண்டிக்கும் உள்ள உறவு நெடுநாளையது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901ஆம் ஆண்டு துளையிட்ட உலோகப் பட்டைகளாலான பொம்மைக்கு உரிமை பெற்றார். பின்னர் அது ‘மெக்கானோ’ என்னும் பெயரால் உலகெங்கும் புகழ்பெற்றது. அவருடைய நிறுவனமே 1920இல் பொம்மைத் தொடர்வண்டிகளையும் செய்யத் தொடங்கியது. அதே லிவர்பூலில் சார்லஸ் பிளிம்ப்டன் என்பவர் 1930களில் ‘பேக்கோ’ என்னும் பொம்மையை உருவாக்கினார். துளைகள் நிறைந்த அடித்தட்டில் மெல்லிய கம்பிகளை நட்டு, அவற்றுக்கிடையே பேக்கலைட்டாலான சிறு செங்கற்களைச் செருகிச் சுவர் எழுப்புவது அதன் முறை. மெக்கானோ பாலங்களுக்கும் கூரைச் சட்டங்களுக்கும் ஏற்றது. பேக்கோ செங்கற்சுவருக்கு ஏற்றது. லிவர்பூலின் மெக்கானோ தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஆயினும், இந்தியாவில் ‘மெக்கானிக்ஸ்’ என்னும் பெயரில் வெளிவந்த இத்தகைய உலோகப் பெட்டிகளைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

பழைய பட்டைகள் மாதிரி ஊருக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். அதற்குச் சிறு கணக்கு விடை தரும். ‘ஓஓ’ எனப்படும் அளவில் உண்மையான ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர் ஆகிறது. மெக்கானோப் பட்டையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அது உண்மை உலகில் மூன்றடிக்குச் சற்று அதிகம். ஒரு சன்னலின் அகலம் எனலாம். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் நெடுங்காலம் உருவான பயணிகள் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 70 அடி. அது மாதிரியில் 280 மில்லிமீட்டர். இருபத்தைந்து துளைகளைக் கொண்ட நீண்ட பட்டையோ ஏறத்தாழ 318 மில்லிமீட்டர். எனவே, அப்பட்டை ஒன்றே ஒரு பெட்டி நிற்கும் நடைமேடையின் விளிம்பாகிவிடும். எல்லாத் துண்டுகளும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தா என்பது உண்மை. ஆனால், பொருந்தாததைப் பொருத்துவதற்குச் சிந்திப்பதே இப்பொழுதுபோக்கின் பயன்.

கொல்கத்தாவில் அவ்வாறு கட்டத்தக்கவை பல உள்ளன. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், செங்கற்சுவர்களும் கோபுரங்களுமாக ஹவுரா நிலையம் நிற்கிறது. ஹால்சி ரிக்கார்டோ என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்நிலையம் 1905இல் திறக்கப்பட்டது. பேக்கோவின் சிவப்புக் கற்கள் அதன் முகப்பிற்காகவே செய்யப்பட்டவை போலத் தோன்றும். அருகே 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் உள்ளது. அதன் நடுக்கண் 1500 அடி நீளமுடையது. மாதிரி அளவில் அதுமட்டுமே ஆறு மீட்டர் ஆகும். ஒரு வகுப்பறையையே அது அடைத்துக்கொள்ளும். ஆதலால், மாதிரி செய்வோர் நீளத்தைக் குறைத்து, வடிவத்தைக் காத்து அமைப்பர். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்று முடிவு செய்வதற்கு அப்பாலத்தின் இயல்பை முதலில் அறிந்திருக்க வேண்டும். மேலும், உண்மைப் பாலம் போல்ட்டும் நட்டும் இன்றி, ரிவெட்டுகளால் இணைக்கப்பட்டது. மெக்கானோ மாதிரியோ முழுவதும் போல்ட்டும் நட்டுமாக நிற்கும். ரிவெட்டு அடித்தால் எளிதில் பிரிக்க இயலாது. போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும். இவ்வேறுபாட்டைப் பாலம் கட்டிப் பார்க்கும் சிறுவன் தன் விரல்களாலேயே உணர்ந்துகொள்வான்.

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழர் பழமொழி. செய்து பார்த்தாலன்றி ஒன்றின் அருமை விளங்காது என்பதே அதன் பொருள். நாள்தோறும் ஹவுரா நிலையத்தின் வழியே பள்ளிக்கு வரும் மாணவரிடம் அதன் முகப்பில் எத்தனை வளைவுகள் உள்ளன என்று கேட்டால், உடனே விடை கிடைப்பது அரிது. அதையே கட்ட முற்பட்டவர் எண்ணாமல் இருக்க முடியாது. குறிப்பேட்டுடன் சென்று, சன்னல்களை எண்ணி, கூரையின் சரிவைப் பார்த்து, தூண்களுக்கிடையே உள்ள தொலைவைக் காலடியால் அளந்து வருவார். தயார்நிலையில் வாங்கிய கட்டடம் இப்பயிற்சியைத் தருவதில்லை. நகரம் நாளுக்கு நாள் மாறிவரும் காலத்தில், தம் ஊரின் கட்டடங்களை இவ்வாறு உற்றுப் பார்த்த தலைமுறை ஒன்று உருவாவது சிறிய பயனன்று.

பழம்பொருள்களைச் சேர்ப்போர் இதற்கு மறுப்புக் கூறுவர். ‘இவை அரியவை, இனி உருவாக மாட்டா, பயன்படுத்தினால் தேய்ந்து அழியும்’ என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. பழைய பேக்கலைட் எளிதில் நொறுங்கும்; மெல்லிய கம்பிகள் வளையும். ஒரு துண்டும் குறையாத முழுப் பெட்டி கிடைக்குமாயின், அது காட்சியகத்தில் இருப்பதே முறை. ஆனால், பரண்களில் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை பாதி தொலைந்த, கலந்து கிடக்கும் உதிரித் துண்டுகளே. அவற்றைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. எடைக்குப் போடுவது அதனினும் தீது. அன்றியும், இப்பொம்மைகள் பிரித்து மீண்டும் பூட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. இன்று நிலையமாக நிற்கும் துண்டுகள் நாளை பெட்டிக்குத் திரும்பலாம், மறுநாள் பாலமாகலாம். பயன்பாடு அவற்றின் இயல்புக்கு மாறானதன்று.

ஆயினும், சில வரையறைகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். பழைய துண்டு எதையும் வெட்டுதலோ, பசையால் ஒட்டுதலோ, புதிய வண்ணம் பூசுதலோ கூடாது. குறையும் பகுதிகளுக்கு அட்டையையும் மரத்துண்டையும் தனியே செய்து பொருத்தலாம். பழைய பொம்மைகளின் வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால், அவற்றைக் கையாண்ட பின் கைகளை நன்கு கழுவ வேண்டும். சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கட்டத் தொடங்குமுன் துண்டுகளை எண்ணிக் குறித்துவைத்தால், பிரித்தபின் ஒன்றும் தொலையாது.

மாதிரி ஊர் அமைப்பது அயல்நாட்டு வழக்கம் என்று கருதுவோரும் உளர். அது சரியன்று. வங்காளத்தில் ஜூலன் திருவிழாவின்போது சிறுவர்கள் மணலும் பாசியும் மண்பொம்மைகளும் கொண்டு மலை, ஆறு, சாலை ஆகியவற்றை வீட்டு மூலையில் அமைத்து மகிழ்வர். தமிழகத்தில் நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே பூங்கா அமைத்து, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, அதனூடே பொம்மை வண்டியை ஓடவிடும் வழக்கம் உண்டு. இன்னும் பின்னோக்கிச் சென்றால், பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பருவங்களில் சிறுமியர் கட்டும் மணல்வீடு ‘சிற்றில்’ என்றும், சிறுவர் உருட்டும் பொம்மைத் தேர் ‘சிறுதேர்’ என்றும் இடம்பெற்றுள்ளன. சிறுதேர் ஓடுவதற்குச் சிற்றில்கள் சூழ்ந்த ஊர் வேண்டும் என்னும் ஆசை இந்த மண்ணுக்குப் புதிதன்று.

கொல்கத்தாவில் வாழும் தமிழ் மாணவர்க்கு இரு மரபுகளும் உரியவை. ஜூலனுக்கு அமைக்கும் ஊரிலும் கொலுவுக்கு அமைக்கும் பூங்காவிலும் இவ்வாண்டு ஹவுரா நிலையம் ஒன்று எழலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வீட்டுப் பெரியோரிடம் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்பதே முதற்படி. துருப்பிடித்த பட்டைகளைத் துடைத்துக் கொடுக்கும் தாத்தாவுக்குத் தாம் கட்டிய பாலம் நினைவுக்கு வரும். ஸ்பேனரைப் பிடிக்கும் முறையை அவரே கற்றுத் தருவார். பூட்டிய பெட்டி இக்கல்வியைத் தராது. ஆகவே அதைத் திறப்பதே நன்று.