முதிராத ஒயினுக்கு முந்திக்கொள்ளும் தீர்ப்பு

இத்தாலியின் உயர்தரச் சிவப்பு ஒயின்களை அறுவடை ஆண்டைப் பார்த்து வாங்குவதும், அந்த ஆண்டுக்கு விமர்சகர்கள் இட்ட மதிப்பெண்ணைக் கொண்டு விலை பேசுவதும் உலக வழக்காகிவிட்டன. வாங்குபவருக்கு இது எளிய வழி. ஆனால், முதிர்வதற்கென்றே செய்யப்படும் ஒயினுக்கு இளமையிலேயே தீர்ப்பெழுதுவது அடிப்படையிலேயே பிழையானது.

பீட்மாண்ட் பகுதியின் பரோலோ ஒயின் நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படுவது. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், அது முதிர வேண்டும் என்பது விதி. அதன் பிறகும் நல்ல பரோலோவின் துவர்ப்பு நாவை இறுக்கிப் பிடிக்கும். புட்டிக்குள் பத்து, இருபது ஆண்டுகள் கிடக்கும்போது, துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து மென்மையடைகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. நிறம் செங்கல்லை நோக்கி நகர்கிறது. ரோஜாவும் தாரும் கலந்த இளமை மணத்தோடு உலர்ந்த இலை, தோல், காளான் ஆகியவற்றின் சாயல்கள் சேர்கின்றன. இடையே மணம் அடங்கிக் கிடக்கும் பருவமும் உண்டு. அப்போது திறப்பவர் அதைத் தரமற்ற ஒயின் என்றே முடிவுகட்டக்கூடும்.

தீர்ப்புகளோ இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. டஸ்கனியின் புருனெல்லோ தி மொண்டால்சீனோ, அறுவடைக்குப் பின்வரும் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வர முடியும். ஆயினும் அங்குள்ள உற்பத்தியாளர் கூட்டமைப்பு, அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே அந்த ஆண்டுக்கு ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்கும் வழக்கத்தைப் பல்லாண்டுகள் பேணிவந்தது. பீட்மாண்டின் 2000ஆம் ஆண்டுக்கு அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 100க்கு 100 வழங்கியது. இன்றோ, பரோலோவை நெடுங்காலமாகச் சுவைத்துவருவோர் பலர் 1999, 2001 ஆகிய ஆண்டுகளையே அதற்கு மேலாக வைக்கின்றனர்.

இது தற்செயலான பிழையன்று. வெப்பம் மிகுந்த ஆண்டின் ஒயின் கனிந்தும் மென்மையாகவும் இருப்பதால் இளமையிலேயே நாவைக் கவர்கிறது. குளிர்ந்த ஆண்டின் ஒயினோ புளிப்பும் துவர்ப்பும் மேலோங்கிக் கடுமை காட்டுகிறது. ஆனால் ஒயினை நெடுநாள் தாங்கி நிற்பவை அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான். 1996ஆம் ஆண்டுப் பரோலோக்களின் கடுமை தணியவே நெடுங்காலம் ஆயிற்று. ஆக, இளமையில் மதிப்பெண்ணைக் குறைக்கும் பண்பே முதுமையில் ஒயினைக் காப்பாற்றுகிறது.

மேலும், ஆண்டு என்பது எல்லாத் தோட்டங்களுக்கும் ஒன்றன்று. 2002இல் பரோலோ பகுதியைத் தொடர்மழையும் ஆலங்கட்டி மழையும் தாக்கின. அந்த ஆண்டே வீண் என்ற பேச்சு பரவியது. தங்கள் சிறந்த ஒயின்களைப் புட்டியில் அடைக்காமல் விட்டவர்கள் பலர். ஜாக்கோமோ கொண்டெர்னோ நிறுவனமோ தன் தலைசிறந்த ஒயினான மொன்ஃபொர்தீனோவை அந்த ஆண்டிலும் செய்தது. அது பின்னர் பெரிதும் போற்றப்பட்டது.

குன்று குன்றாகச் சென்று சுவைத்துப் பார்க்க எல்லோராலும் இயலாது, ஏதேனும் வழிகாட்டி வேண்டும் என்பது நியாயமான வாதமே. ஆனால் வழிகாட்டி வேறு, தீர்ப்பு வேறு. '2002இல் ஆலங்கட்டி மழை பெய்தது' என்பது தகவல்; '2002 மோசமான ஆண்டு' என்பது தீர்ப்பு. முன்னது வாங்குபவரை விசாரிக்கத் தூண்டுகிறது. பின்னது விசாரணையை மூடிவிடுகிறது. அதற்கான விலையைக் கொடுப்போர் இருவர்: கடினமான ஆண்டிலும் கனிகளைப் பொறுக்கியெடுத்து நல்ல ஒயின் செய்த சிறு உற்பத்தியாளர் ஒருவர், புகழ்பெற்ற ஆண்டென்று மிகுந்த பணம் கொடுத்து, முதிராத புட்டியைத் திறந்து ஏமாறுபவர் மற்றொருவர்.

தமிழ் இலக்கணத்தின் சொற்களில் சொன்னால், முதிர்ந்துவரும் ஒயின் ஒரு வினையெச்சம். மதிப்பெண்ணோ அதை வினைமுற்றாக வாசிக்கிறது. இதற்கு மாற்று கடினமானதன்று. சுவைக்குறிப்பு ஒவ்வொன்றும் அறுவடை ஆண்டு, திறந்த ஆண்டு என இரண்டையும் தலைப்பிலேயே சொல்லட்டும். ஒரே ஒயினை ஐந்தாம் ஆண்டிலும், பத்தாம் ஆண்டிலும், இருபதாம் ஆண்டிலும் சுவைத்தவர்களின் குறிப்புகள் அருகருகே வைக்கப்படட்டும். முதல் குறிப்பு தவறென்று மூன்றாவது காட்டினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேறுபாட்டைக் காண்பதற்காகத்தான் ஒயின் நிலவறையில் கிடத்தப்படுகிறது.